மருமகளின் பெட்டி

— அதுல கையை வெக்காதீங்க சம்பந்தி!

— ஏங்க, என் பொண்ணோட பெட்டியை நான் தொடக்கூடாதா? இதை எடுத்துட்டுப் போகத்தானே இவ்வளவு தூரம் வேன் ஓட்டிட்டு வந்திருக்கேன். நேத்து போன்ல கேட்டப்போ சரின்னுதானே சொன்னீங்க சம்பந்தியம்மா?

— எடுத்துட்டுப் போகாதீங்கன்னு யார் சொன்னா? பிளக்கைப் பிடுங்காதீங்கன்னு சொன்னேன். பச்சை விளக்கு எரியுது பாருங்க. உள்ள ஓடிட்டிருக்கு. ஓடுறதை அப்படியே பிடுங்கினா உள்ள இருக்குறது கெட்டுப்போகும்னு அவ எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா.

— அவ இங்கேருந்து போனதுக்கு அப்புறமுமா ஓடுது?

— நான் நிறுத்த விடலை. கரண்டு பில் ஏறுதுன்னு என் புள்ள கத்தினான். ஏறட்டும்னேன்.

— அப்படியா. நான் என்னமோ தூக்கிப் பரண்ல போட்டிருப்பாங்கன்னு நினைச்சுட்டு வந்தேன்.

— நினைப்பீங்க. மாமியாக்காரின்னா இப்படித்தான் இருப்பான்னு ஒரு அச்சு இருக்கே.

— நிதானம், நிதானம். நான் சண்டைக்கு வரலைங்க. மாப்பிள்ளை இல்லையா?

— வேலை விஷயமா வெளியூர் போயிருக்கான். அவன் இல்லாத நாளாப் பார்த்துத்தானே வந்தீங்க?

— அது... ஆமாங்க.

— நல்ல யோசனைதான். உங்க சட்டைப் பையில போன் அடிக்குது, எடுங்க.

— பாப்பாதான். சொல்லும்மா... என்னது? சரியாக் கேக்கலை... ஹலோ? ஹலோ?

— இந்த ரூம்ல சிக்னல் சரியா வராது. ஜன்னல்கிட்ட போங்க. இன்னும் கொஞ்சம். கம்பிக்கு வெளிய கையை நீட்டுங்க. அவ அங்க நின்னுதான் பேசுவா. ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல் கட்டையில வெச்சிருங்க.

— இப்போ சொல்லும்மா. வந்து சேந்துட்டேன். பெட்டி முன்னாலதான் நிக்கிறேன். எப்படி நிறுத்தணும்னு சொல்லு, கட்டித் தூக்கிட்டு வந்துடறேன்.

— அப்பா, நிறுத்தாதீங்க! பிளான் மாறிடுச்சுப்பா. அடுத்த வாரம் வர வேண்டிய குழந்தை இன்னிக்கே எங்க பட்டறைக்கு வந்துடுச்சு. அவ போட்டிருந்த செயற்கைக் கால் வழியிலேயே ரெண்டா உடைஞ்சுபோச்சாம். அவங்க அம்மா இடுப்புல தூக்கிட்டு வந்திருக்காங்க. நாளைக்குப் புது ஸ்கூல் சேரணும் அந்தப் பொண்ணு.

— அடப் பாவமே. சரி, நான் சீக்கிரமா ஓட்டிட்டு வரேன்.

— நீங்க பறந்து வந்தாலும் சாயங்காலம் ஆயிடும்ப்பா. கால் வார்க்குற மெஷின் இந்த வாரத்துல இன்னிக்கு ஒரு நாள்தான் எங்களுக்கு. மத்தியானத்துக்குள்ள டிசைனைக் குடுத்தாத்தான் ராத்திரி ஓடி முடியும். போன தடவை அவளுக்கு நான் வரைஞ்ச வடிவம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. அது கையில வந்தா, வளந்த அளவுக்கு மாத்திடுவேன். இல்லாட்டி முதல்லேருந்து தொடங்கணும். முடியாது.

— அதுக்கு இப்போ என்ன பண்ணணும்?

— பெட்டியை நெட்ல சேக்கணும்ப்பா. சேந்துட்டா, நான் இங்க உக்காந்துட்டே உள்ள இருக்குறதை எடுத்துப்பேன். அது தானாவே என்னைத் தேடிப் பிடிச்சுக்குற மாதிரிதான் செஞ்சு வெச்சிருக்கேன்.

— இந்தப் பெட்டியிலதான் ஸ்கிரீனும் இல்லை, ஒண்ணும் இல்லை. ஒரே ஒரு பட்டன். டிஃபன் கேரியரைப் படுக்க வெச்ச மாதிரி இருக்கு.

— சம்பந்தி, வாயை அடக்குங்க. பழைய கம்ப்யூட்டர் ரெண்டைப் பிரிச்சுப் போட்டு அவளே கூட்டிச் செஞ்சது அது. கடையில வாங்கினது இல்லை.

— ...அத்தை? அத்தையா அங்க இருக்குறது?

— நான் இல்லாம வேற யாரு? என் வீட்டுல என் குரல்தானே கேக்கும்.

— அத்தை... நல்லா இருக்கீங்களா?

— இருக்கேன். முட்டி வலிக்குது, அது எப்பவும் வலிக்குறதுதான். நீ கூப்பிடுவேன்னு பார்த்தேன்.

— நீங்க கூப்பிடுவீங்கன்னு நான் பார்த்தேன் அத்தை.

— சரி சரி. ரெண்டு பேரும் அழுறதை அப்புறம் வெச்சுக்கலாம். குழந்தை காத்துட்டிருக்கு. என்ன செய்யணும், சொல்லு.

— அத்தை, சுவத்துல இருந்து வந்த நீல வயர்...

— அது இல்லை. அன்னிக்குப் பிடுங்கினானே, அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போயிட்டான். சுவத்துல ஓட்டை மட்டும் இருக்கு. பல்லு விழுந்த வாய் மாதிரி.

— நான் போய் கடையில ஒரு புது வயர் வாங்கிட்டு வந்து ஓட்டையில விட்டுடறேனே. இது என்ன பெரிய வித்தை?

— விட்டா அந்தப் பக்கம் யார் சொருகுறது சம்பந்தி? அந்தப் பக்கம் அவனோட ஆபீஸ் ரூம். நெட்டுப் பெட்டி அங்கதான் இருக்கு. பூட்டிச் சாவியை எடுத்துட்டுப் போயிட்டான். கதவு இடுக்குல பார்த்தா விளக்கு மின்னுறது தெரியும். அவ்வளவுதான்.

— பூட்டை உடைச்சா?

— எனக்கும் ஆசைதான். ஆனா கதவு தேக்கு. நம்ம ரெண்டு பேர் தோளும் அதுக்கு முன்னாடி உடைஞ்சுடும்.

— உடைக்க வேண்டாம்ப்பா. வயர் இல்லாமலே சேக்கலாம். மேஜைக்குக் கீழ் டிராயர்ல, கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பா ஒரு குச்சி இருக்கும். காத்துல வர நெட்டைப் பிடிக்கும் அது. அவசரத்துக்கு வாங்கி வெச்சது. அதைப் பெட்டிக்குப் பின்னாடி சொருகுங்க.

— தேடறேன் இரு. இதுல என்னம்மா, ஒரே களிமண்ணும் பிளாஸ்டரும் நூலுமா கிடக்கு! கம்ப்யூட்டர்ல படம் போடுற வேலைன்னுதானே நான் ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்? இது கொத்தனார் டிராயர் மாதிரி இருக்கு.

— கொத்தனார் வேலையும் பண்ணுவா, தச்சு வேலையும் பண்ணுவா உங்க பொண்ணு. இந்தாங்க, இதுதானே? மேல ‘வை-ஃபை’ன்னு போட்டிருக்கு.

— அதேதான் அத்தை. சொருகியாச்சா? குச்சியோட நுனியில சின்னதா ஒரு விளக்கு வரும்.

— நிதானமா... சொருகிட்டேன். வருதும்மா! மின்னுது. நீலமா மின்னுது.

— மின்னிட்டே இருக்கா, நின்னு எரியுதா?

— மின்னிட்டேதான் இருக்கு. சிக்னல் போடாம திரும்புற வண்டிக்காரனைப் பார்த்து நான் ஹெட்லைட் அடிப்பேனே, அது மாதிரி.

— அப்போ உள்ள விட மாட்டேங்குதுப்பா. பழைய பாஸ்வேர்டைத்தான் பெட்டிக்குச் சொல்லி வெச்சிருக்கேன். மாத்திட்டாரா அத்தை?

— நீ போன மறுநாளே மாத்திட்டான்.

— என்னவா மாத்தினார்னு...

— சொல்லலை. என் போன்ல அவனே அடிச்சுக் குடுத்தான். நான் தொடர் பாக்கணும் இல்ல? அடிக்கும்போது பின்னால நின்னு பார்த்தேன். கையை மறைச்சுக்கிட்டான். பெத்தவகிட்ட!

— போன் பண்ணிக் கேட்டுட்டா என்னங்க? கேட்டா குடுக்க மாட்டாரா?

— குடுக்க மாட்டான் சம்பந்தி. என் வயித்துல பிறந்தவனை எனக்குத் தெரியாதா? பிடிவாதத்துல அவங்கப்பாவை உரிச்சு வெச்சிருக்கான்.

— ...அப்பா, நீங்க வீட்டுக்குக் கிளம்பிடுங்க. நான் வேற ஏதாவது பாக்குறேன். அந்தம்மாகிட்ட நான் எப்படிச் சொல்லப் போறேன்னுதான் தெரியலை. அந்தப் பொண்ணு இங்கேயே தரையில நொண்டியடிச்சு விளையாடிட்டிருக்கு.

— யார்கிட்ட என்ன சொல்லப் போற? அதுக்குள்ளயா கையை விரிச்சுட்டே? என் போன்லதான் நெட் வருதுன்னு சொல்றேன் இல்ல? என் போன்ல இருக்குறதைப் பெட்டிக்குள்ள ஊத்த வழியே இல்லையா? நர்ஸா இருந்தப்போ வார்டுல ஒரு குழாய்ல இருந்து இன்னொரு குழாய்க்கு மருந்தைத் திருப்பி விட்டிருக்கேன் நான்.

— அத்தை!

— என்ன, தப்பாச் சொல்லிட்டேனா?

— இல்லை அத்தை! நீங்க சொன்னதுதான் வழி. எனக்கு ஏன் தோணலை? உங்க போன்ல இருக்குற நெட்டைச் சார்ஜர் வயர் வழியாவே பெட்டிக்குக் குடுக்கலாம். பாஸ்வேர்டே கேக்காது. உங்க போனையே ஒரு வயருன்னு நினைச்சுக்கும் பெட்டி.

— ஆகட்டும். அடுத்தது?

— அப்பா, முதல்ல அந்தக் குச்சியை எடுத்துடுங்க. அத்தை, உங்க சார்ஜர்ல இருந்து வயரை மட்டும் கழட்டி, ஒரு முனையை உங்க போன்லயும் இன்னொரு முனையைப் பெட்டியிலயும் சொருகுங்க.

— சொருகியாச்சு. சார்ஜ் ஏறுதுன்னு காட்டுது. அடுத்தது?

— செட்டிங்ஸுக்குப் போங்க. அதுல ஹாட்ஸ்பாட்டுன்னு ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டா உள்ள ‘யூஎஸ்பி டெதரிங்’னு ஒண்ணு இருக்கும். அதைத் தட்டுங்க.

— இருக்கு. ஆனா மங்கலா இருக்கு. தட்டினா நகர மாட்டேங்குது. மயக்க மருந்து குடுத்த மாதிரி கிடக்கு.

— என்கிட்ட குடுங்க சம்பந்தியம்மா, நான் அழுத்திப் பாக்குறேன். உங்க விரல் மெல்லிசு.

— விரல்ல என்ன இருக்கு சம்பந்தி, இது என்ன ஹாரனா? அம்மாடி, மங்கலா இருந்தா என்ன அர்த்தம்?

— பெட்டி இருக்குறதே போனுக்குத் தெரியலைன்னு அர்த்தம் அத்தை. அந்த வயர் எங்க வாங்கினது?

— பழையது பிஞ்சுபோச்சுன்னு மார்க்கெட் வாசல்ல ஒருத்தன் கூவி வித்துட்டிருந்தான், வாங்கினேன்.

— அதான். சில வயர்ல கரண்டு மட்டும்தான் போகும். பேச்சு போகாது. வேற வயர் வேணும்.

— கரண்டு போகும், பேச்சு போகாதாம். நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜை மாதிரி. சம்பந்தி, உங்க வண்டியில வயர் இல்லையா?

— இருக்கே! வண்டியில பாட்டு கேக்க வெச்சிருக்கேன். போன்ல இருந்து பாட்டு அது வழியாத்தான் வருது.

— பாட்டு வருதுன்னா பேச்சும் போகும்ப்பா. அதை எடுத்துட்டு வாங்க. ஓடுங்க.

— இதோ!

— ...அத்தை.

— சொல்லு.

— அப்பா போயிட்டாரா?

— படியில இறங்குற சத்தம் கேக்குது. மனுஷன் இந்த வயசுலயும் ரெண்டு ரெண்டு படியா இறங்குறாரு.

— நீங்க இப்படி எனக்கு உதவி பண்றது அவருக்குத் தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டம் இல்லையா?

— அந்தக் குழந்தை எந்தக் குழந்தை? கன்னத்துல மச்சம் இருக்குமே, அவளா?

— அவளேதான். ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— இருக்காதா? முட்டிக்குக் கீழ தழும்பு ஒரு பக்கமா இழுத்து மடிஞ்சிருக்கும். அங்க அழுத்தம் விழக்கூடாதுன்னு நான்தானே சொன்னேன்.

— நீங்க சொன்ன இடத்துலதான் அத்தை பள்ளம் குடுத்து வரைஞ்சேன். அந்த டிசைன்தான் இது.

— அப்புறம் எனக்குக் கஷ்டம் இருக்கான்னு கேக்குற? பேசாம வேலையைப் பாரு.

— வந்துட்டேன், வந்துட்டேன். மூச்சு வாங்குது. இந்தாங்க சம்பந்தியம்மா.

— உக்காருங்க முதல்ல. விழுந்து வெச்சா உங்களுக்கும் நான்தான் கட்டுப் போடணும். ம்... இந்த முனை போனுக்கு. இந்த முனை பெட்டிக்கு. இப்போ போன் என்னமோ கேக்குது. ‘அனுமதிக்கவா’ங்குது.

— அனுமதிங்க அத்தை. இப்போ மறுபடியும் அந்த வரியைப் பாருங்க.

— மங்கல் போயிடுச்சு. தட்டறேன். நகந்துச்சு! பச்சையாயிடுச்சு.

— கையை எடுத்துடுங்க. போனை ஆட்டாதீங்க. கொஞ்சம் பொறுங்க.

— என்னம்மா ஆச்சு? பாப்பா? லைன்ல இருக்கியா?

— இருங்கப்பா...

— ஜன்னல்கிட்ட நின்னு கத்தாதீங்க சம்பந்தி. நாடி பாக்கும்போது வார்டுல யாரும் மூச்சு விடக்கூடாது.

— வந்துடுச்சு! அத்தை, வந்துடுச்சு! பெட்டி என்னைக் கூப்பிடுது! உள்ள போயிட்டேன். எல்லாம் இருக்கு. எல்லாரோட காலும் அப்படியே இருக்கு!

— அட, என் சிங்கக்குட்டி! அங்க உக்காந்துட்டு இங்க இருக்குற பெட்டிக்குள்ள புகுந்துட்டாளே!

— இது பெரிய கோப்பு அத்தை. வந்து முடிய நேரம் ஆகும். அதுவரைக்கும் போனைத் தொட வேண்டாம். ஆடினாக்கூட வயர் விட்டுடும். நான் அதுக்குள்ள குழந்தைக்குப் புது அளவு எடுத்துட்டு மறுபடி கூப்பிடறேன்.

— போ போ. போனுக்கு நாங்க காவல் இருக்கோம்.

— ...சம்பந்தியம்மா.

— தண்ணி வேணுமா?

— இல்லைங்க. நீங்க ரெண்டு பேரும் பேசினதைப் படியேறும்போது கேட்டேன். நீங்க அவளுக்கு வேலையில உதவி பண்ணுவீங்களா?

— உதவின்னு என்ன. ஒரு நாள் என் முன்னாடி வந்து நின்னு, ‘அத்தை, ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்குக் காலுக்குக் கட்டுப் போட்டிருப்பீங்களே, எந்த இடத்துல அதிகமா வலிக்கும்னு அழுவாங்க’ன்னு கேட்டா. ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் என்கிட்ட வேலையைப் பத்தி ஒரு கேள்வி கேட்ட முதல் ஆள் அவ. ரசத்துல உப்பு போட்டாச்சான்னுதான் மத்தவங்க கேப்பாங்க.

— எங்கிட்ட அவ இதெல்லாம் சொன்னதே இல்லையே.

— அவ சொல்ல மாட்டா. செய்வா. சொல்றேன் கேளுங்க. ஒரு தடவை கூடத்துல தடால்னு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தா, உங்க பொண்ணு கீழ கிடக்கா. ஒரு காலை மடிச்சுப் பின்னால துணியால கட்டியிருக்கா. முட்டிக்குக் கீழ அவளே வார்த்த ஒரு பொம்மைக் கால். ‘என்னடி இது கூத்து’ன்னேன். ‘போட்டு நடந்து பாக்காம எப்படி அத்தை ஒரு குழந்தைகிட்ட குடுக்குறது’ன்னா.

— ஐயோ. அடி பட்டுச்சா?

— முட்டி பேந்துடுச்சு. மருந்து போட்டேன். மறுநாளும் கட்டிக்கிட்டா. சமையக்கட்டுக்கும் கூடத்துக்குமா நடந்து நடந்து, எங்க உறுத்துதுன்னு சுண்ணாம்புக் கட்டியால குறிச்சு வெச்சுப்பா. அப்புறம் நானும் ஒரு நாள் கட்டிப் பார்த்தேன்.

— நீங்களுமா?

— சிரிக்காதீங்க. சுவத்தைப் பிடிச்சுட்டு ரெண்டடி வெச்சேன். அதுக்குள்ள இடுப்பு கழண்டுடுச்சு. ரெண்டு பேரும் தரையில உக்காந்து சிரிச்சோம் பாருங்க, பக்கத்து வீட்டுல இருந்து எட்டிப் பார்த்தாங்க.

— மாப்பிள்ளை இதையெல்லாம் பார்த்திருப்பாரே. அப்புறம் எப்படிங்க...

— பார்த்தான். பிடிக்கலை. வீட்டுக்கு யாராவது வந்தா, ‘என் பொண்டாட்டி ஊரார் காலைப் பிடிச்சுட்டிருக்கா’ன்னு சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிச்சுட்டுப் போயிடுவா. அன்னிக்கு ஒருத்தருக்குக் கால் வரைஞ்சு அனுப்பிட்டிருந்தா. சாப்பிடக் கூப்பிட்டு எழுந்து வரலைன்னு, அந்த ரூமுக்குள்ள போய் வயரைப் பிடுங்கினான். பாதியில நின்னுபோச்சு. அவ எழுந்தா. தோள் பையை மாட்டினா, ‘வரேன் அத்தை’ன்னா. போயிட்டா.

— எங்கிட்ட ‘வயரைப் பிடுங்கிட்டார்ப்பா’ன்னு மட்டும் சொன்னா. எனக்கு ஒண்ணும் விளங்கலை. ஒரு வயருக்கா இவ்வளவுன்னு யோசிச்சேன். இப்போ விளங்குது.

— அடிக்குது. என் போன். நெட்டு வழியா வர்ற கால்.

— யாருங்க? பாப்பாவா?

— அவ உங்களுக்குத்தானே பண்ணுவா. இது என் புள்ள.

— எடுக்காதீங்க! தொட்டா விட்டுடும்னு சொன்னாளே.

— தூக்கினாத்தானே விடும்? கீழ வெச்சபடியே தட்டிப் பேசறேன். எடுக்கலைன்னா எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணுவான்... சொல்லுப்பா. சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?... என்ன காட்டுது உன் போன்ல?... ஆமா, என் போன்தான் நெட்டை இழுக்குது... தொடர் பாக்குறேன்... இல்லை, இரு. உங்கிட்ட எதுக்குப் பொய்? உன் பொண்டாட்டியோட பெட்டியை என் போன்ல கோத்திருக்கேன்... ஆமா, நான்தான். அவங்கப்பாவும் இங்கதான் இருக்காரு... கத்தாதே. நான் செவிடு இல்லை... அங்க இருந்தே நிறுத்த முடியுமா உன்னால? முடியும்னா நிறுத்திக்கோ. ஆனா ஒண்ணு கேட்டுட்டு நிறுத்து. அங்க ஒரு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்குது. அடம் பிடிச்சு இல்லைப்பா, நிஜமாவே ஒத்தக் கால்தான். நாளைக்கு ஸ்கூலுக்கு நடந்து போகணும் அது. நீ நிறுத்தினா, அது அம்மா இடுப்புல போகும். அவ்வளவுதான் விஷயம்... ஹலோ?

— என்ன சொன்னாரு?

— வெச்சுட்டான்.

— நிறுத்திடுவாரா?

— தெரியலை.

— பெட்டியில விளக்கு... எரியுது. இன்னும் எரியுதுங்க.

— பாத்துட்டே இருங்க. எனக்குப் பாக்கத் தைரியம் இல்லை.

— எரியுது... எரியுது சம்பந்தியம்மா. பட்டுப் பட்டுன்னு துடிக்குது.

— துடிச்சா போயிட்டிருக்குன்னு அர்த்தம்.

— ரொம்ப நேரம் ஆச்சே. நிறுத்துறதா இருந்தா இதுக்குள்ள நிறுத்தியிருப்பாரு.

— ம். நிறுத்தலை. அந்த அளவுக்கு ஈரம் இருக்கு. அதையும் சொல்லணும் இல்ல?

— உங்க வளர்ப்புங்க.

— வளர்ப்புல பாதிதான் ஒட்டுது சம்பந்தி. மீதி பாதி எங்க போச்சுன்னுதான் தேடிட்டிருக்கேன்.

— இதோ, பாப்பா கூப்பிடறா. சொல்லும்மா!

— முழுசா வந்துடுச்சுப்பா! அத்தைகிட்ட சொல்லுங்க, ஒரு துளிகூடச் சிந்தலை. புது அளவையும் போட்டுட்டேன். நல்லா வளந்திருக்கா பொண்ணு.

— வளரட்டும், வளரட்டும். தழும்பு பக்கத்துல பள்ளத்தைக் கொஞ்சம் கீழ இறக்கிக்கோ. எலும்பு நீண்டா தழும்பும் இறங்கும்.

— அத்தை, அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும்னு நினைச்சேன். எவ்வளவு இறக்கட்டும்?

— அவ ஆள்காட்டி விரலை அங்க படுக்க வெச்சுப் பாரு. விரல் அகலம் போதும். உட்கார வெச்சுப் பாக்காதே, நிக்க வெச்சுப் பாரு. எடை இறங்கினாத்தான் தெரியும்.

— பாக்குறேன்... சரியா இருக்கு அத்தை. கச்சிதமா இருக்கு. மெஷின்காரர் தயாரா நிக்குறாரு. அனுப்பிடவா?

— என்னைக் கேட்டா? நீதானே பெரிய டாக்டர்.

— அனுப்பிட்டேன். சத்தம் கேக்குதா? ஓட ஆரம்பிச்சிடுச்சு. காலையில மாட்டிட்டு அப்படியே ஸ்கூலுக்குப் போயிடலாம். அத்தை, இவ என்ன கேக்குறா தெரியுமா? கால்ல ஒரு பாக்கெட் வெச்சுத் தரணுமாம். அழிரப்பர் வெச்சுக்க.

— வெச்சுக் குடேன். நம்ம யார் காலுக்கு இருக்கு அந்த வசதி?

— காலையில தனியா ஒட்டி வெக்கிறேன். அப்பா, இப்போ பெட்டியை நான் இங்க இருந்தே நிறுத்திடறேன். பச்சை விளக்கு அணைஞ்சதும் பிளக்கைப் பிடுங்கிடுங்க. பத்திரமா எடுத்துட்டு வாங்க. அத்தை...

— சொல்லும்மா.

— தேங்க்ஸ்னு சொன்னா திட்டுவீங்க.

— தெரியுதில்ல? வை போனை. சாப்பிட்டியோ இல்லையோ, முதல்ல போய்ச் சாப்பிடு.

— ...விளக்கு அணைஞ்சிடுச்சு சம்பந்தியம்மா. பிடுங்கட்டுமா?

— பிடுங்குங்க. நானும் ஒரு கை பிடிக்கிறேன். இந்தப் போர்வையைச் சுத்துங்க, குலுங்கக் கூடாது.

— பஸ் டிரைவரா நான் எத்தனையோ பேரை ஏத்தி இறக்கியிருக்கேன். ஊனு கட்டையோட ஒருத்தர் ஏறினா, சீக்கிரம் ஏறுய்யான்னு அவசரப்படாம நிறுத்தி வெப்பேன். அதையே நான் பெரிய தர்மம்னு நினைச்சுட்டிருந்தேங்க. எம்பொண்ணு அவங்களுக்குக் காலையே செஞ்சு குடுக்குறா.

— இப்போதானே தெரிஞ்சுது உங்களுக்கு. இனிமே ஊருக்குள்ள கம்ப்யூட்டர்ல படம் போடறான்னு சொல்லாதீங்க.

— சொல்ல மாட்டேன். இன்னொண்ணும் சொல்லிடறேன். இந்தப் படியேறும்போது உங்க மேல எனக்கு நல்ல எண்ணம் இல்லைங்க. இப்போ இறங்கும்போது, இப்படி ஒரு மனுஷிகிட்டயாடா நம்ம பொண்ணு இவ்வளவு நாள் இருந்தான்னு இருக்கு.

— போதும் போதும். தூக்குங்க.

— அவ இப்போ இருக்குற வீடு சின்னதுதான். ஒரு ரூம், ஒரு சமையக்கட்டு. ஆனா நல்ல வெளிச்சம். நீங்க எப்பவாச்சும் அந்தப் பக்கம் வந்தா, ரெண்டு நாள் அவகூடத் தங்கிட்டுப் போகணும். மாப்பிள்ளை என்ன சொல்வாரோன்னு யோசிக்காதீங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்.

— எப்பவாச்சும் எதுக்கு? நேத்து நீங்க போனை வெச்சதுமே எல்லாத்தையும் எடுத்துக் கட்டிட்டேன் சம்பந்தி. என் கட்டிலுக்கு அடியில ரெண்டு சூட்கேஸ் இருக்கு, கனமானதை நீங்க தூக்குங்க.